சொந்த கன்டெய்னரை லுவாவின் ஃபார் லூப்பில் சுற்ற வைப்பது: வைவாவுக்குப் படித்த விதம்

இறுதியாண்டு புராஜெக்டில் சி பிளஸ் பிளஸ் நிரலுக்குள் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியைப் பொதிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அதிக நேரம் குடைந்தது இந்த இடத்தைத்தான்: நாமே எழுதிய கன்டெய்னர் ஸ்கிரிப்டில் எப்படிச் சுற்றுகிறது?

இரண்டு மொழிகளையும் இணைத்துத் தரும் பைண்டிங் லைப்ரரியை முதலில் திறக்காதீர்கள். அது ஒரே வரியில் வேலையை முடித்துவிடும். எப்படி முடிந்தது என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. லுவாவின் ஜெனரிக் ஃபார் கேட்பது அடிப்படையில் மூன்று மதிப்புகள்: ஒரு ஃபங்ஷன், ஒரு ஸ்டேட், ஒரு தொடக்க மதிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டேட்டையும், முந்தைய சுற்றில் வந்த முதல் மதிப்பையும் கொடுத்து ஃபங்ஷனை அழைக்கும். முதல் மதிப்பு ‘நில்’ (nil, அதாவது மதிப்பே இல்லை) என்று வந்தால் லூப் முடிந்தது. உறுப்பை மட்டும் திருப்பினால், நடுவில் ஒரு காலியிடம் வந்ததுமே லூப் சத்தமில்லாமல் நின்றுவிடும். அதனால்தான் முதலில் இன்டெக்ஸ், அப்புறம் உறுப்பு.

அடுத்தது கன்டெய்னரின் ஆயுள். இதில்தான் நேரம் செலவிட வேண்டும். ஒரு ஃபங்ஷன் திருப்பித் தந்த கன்டெய்னரை எந்த மாறியிலும் வைக்காமல் நேரடியாகச் சுற்றுகிறீர்கள் என்று வையுங்கள். சி பிளஸ் பிளஸ் இட்டரேட்டரை (எந்த உறுப்பில் நிற்கிறோம் என்று காட்டுவது) மட்டும் குளோஷருக்குள் (மாறிகளைத் தன்னோடு வைத்திருக்கும் ஃபங்ஷன்) வைத்திருந்தால், லூப் பாதியில் இருக்கும்போதே, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் கன்டெய்னரைத் தூக்கிவிடலாம். கன்டெய்னரையே ஸ்டேட்டாகக் கொடுத்தால், லூப் முடியும்வரை லுவாவே அதைப் பிடித்துக்கொள்ளும். சோதிக்க விரும்பினால் லூப்புக்குள் கலெக்டரை வேண்டுமென்றே ஓடவிட்டு, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு இயக்குங்கள். பைத்தானுக்கு பைபைண்ட்11 என்ற பைண்டிங் லைப்ரரியை எடுத்தவர்கள் அங்குள்ள ‘கீப் அலைவ்’ எதற்கு என்று பாருங்கள், இதே பிரச்சினைதான்.

“லூப் நடுவில் ஸ்கிரிப்ட் எதையாவது சேர்த்தால், நீக்கினால்?” என்று கட்டாயம் கேட்பார்கள் என்று நினைத்தே படியுங்கள். வெக்டர் வளரும்போது இடம் மாறினால் பழைய இட்டரேட்டர்கள் செல்லாது. இன்டெக்ஸ் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நடுவில் ஒன்றை நீக்கினால் அடுத்த உறுப்பு தவறிப்போகும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வரிசைப்படுத்திய மேப்புக்கு எனக்குப் பிடித்த வழி: கடைசிச் சாவியை வைத்து, ‘அப்பர் பவுண்ட்’ கொண்டு அதைவிடப் பெரிய முதல் சாவியைத் தேடுவது. ஒவ்வொரு அடிக்கும் லாக் என் (log n) செலவு. பதிலுக்கு, கையில் இருக்கும் சாவியையே நீக்கினாலும் லூப் உடையாது. லிங்க்டு லிஸ்டுக்கு இன்டெக்ஸ் வேண்டாம், ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து நடக்க வேண்டியிருக்கும்.

பதிப்பு விவரங்களைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பேர்ஸ்’ மெட்டாமெத்தட், அதாவது நம் கன்டெய்னரை pairs-க்குக் கொடுக்கும்போது லுவா அழைக்கும் நம் ஃபங்ஷன், லுவா 5.2-இல் வந்தது. 5.1-ஐ ஒட்டிய லுவாஜிட்டில் (லுவாவின் வேறொரு செயலாக்கம்) 5.2 இணக்கத்தை இயக்கிக் கட்டினால்தான் கிடைக்கும். 5.3 முதல் ‘ஐபேர்ஸ்’ இன்டெக்ஸ் மெட்டாமெத்தடை மதிக்கிறது, ஆகவே நடுவில் காலியிடம் இல்லாத வெக்டர் போன்றவற்றுக்கு அதுவே போதும். 5.4-இல் ஃபார் நான்காவதாக ஒரு மதிப்பையும் ஏற்கிறது. பிரேக் போட்டு வெளியேறினாலும் அது மூடப்படும். லாக் (lock) பிடித்துச் சுற்றுபவர்களுக்கு அருமையான வசதி. ஆனால் 5.4-இன் பேர்ஸ், மெட்டாமெத்தடிலிருந்து மூன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நான்காவது வேண்டுமென்றால் ‘ஈச்’ என்றோ வேறெப்படியோ சொந்தமாக ஒரு மெத்தட் வைத்து, அதை நேரடியாக ஃபாரில் அழைக்க வேண்டும்.