அம்மாவும் 8.1-ம்

சிங்கப்பூரின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது என்று கைப்பேசி சிணுங்கினால் போதும், நீரிழிவு உள்ள அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும். "நீயே பாரு, நல்லா இருந்தா மட்டும் சொல்லு" என்பார். சிங்பாஸ் மின்னிலக்க அடையாளத்தைப் போட்டு உள்ளே போனால் எச்பிஏ1சி 8.1 சதவீதம், கூடுதல்தான். அது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. போன வாரம் தேக்காவில் தின்ற ஒரு ஜிலேபிக்கு வந்த தண்டனை இல்லை. சொன்னால் கேட்டால்தானே!

மாத்திரை, விரல்நுனிக் குத்தல், பத்தியம் என்று வருடக்கணக்கில் ஓடினால் மனசு அலுத்துப்போகும். மருத்துவர்கள் இதை 'டயாபிடிஸ் டிஸ்ட்ரெஸ்', அதாவது நீரிழிவோடு வாழ்வதால் வரும் மன உளைச்சல், என்கிறார்கள். மனச்சோர்வு நோயிலிருந்து வேறுபட்டது, ஆனால் சர்க்கரைக் கட்டுப்பாட்டையே குலைக்கக்கூடியது. வீட்டிலோ இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம்.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தாதியிடம் முதலில் இந்த அலுப்பைச் சொல்லுங்கள் என்றிருக்கிறேன். எண்ணை அவர்களே திரையில் பார்த்துக்கொள்வார்கள்.