விட்ட வரியிலிருந்து

யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் போரினால் ஊரைவிட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வுக்கு 30 ஆண்டுகள் நிறைவதையொட்டி எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு கட்டுரை கேட்டிருந்தது. எழுதத் தொடங்குவதற்குள் எங்கள் தூய கணித சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தது. இரண்டையும் பிரித்து எழுத என்னால் முடியவில்லை.

96ஆம் ஆண்டு உயர்தர அணியினருக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1990இல் மின்சாரம் போன பின்னர் வளர்ந்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் படித்தோம். "விளக்குக்கு எண்ணெய் இல்லை சேர்" என்றால் கோபிக்க மாட்டார். பாடசாலை விட்ட பிறகு, வெளிச்சம் இருக்கும்வரை எங்களோடு இருந்து கணக்குச் செய்விப்பார்.

ஒருநாள் பகுதிகளாகத் தொகையிடல் நடந்துகொண்டிருந்தது. மணி அடித்தது, புக்காரா குண்டுவீச்சு விமானம் பதிந்து வரும் இரைச்சலும் சேர்ந்தே கேட்டது. ஆய்வுகூடத்துக்குப் பின்னாலிருந்த பதுங்கு குழிக்குள் எங்களை இறக்கிவிட்டு, எங்கள் பெயர்கள் எழுதிய வரவு இடாப்போடு கடைசியாக அவர் இறங்கினார். குண்டு எங்கோ பக்கத்தில்தான் விழுந்திருக்க வேண்டும். கூரை மண் அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது. பொத்தியிருந்த கையை விரித்தார்; வெண்கட்டி மாவாகியிருந்தது.

"எனக்கும் பயம்தான் பிள்ளைகள்" என்றார். "அது இருக்கட்டும். கணக்குப் பாதியில் நிற்கிறது, வாருங்கள்."

அந்தச் சொல் எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! அதுவரை எங்கள் பலமெல்லாம் பயத்தை ஒளிப்பதிலேயே செலவாகிக்கொண்டிருந்தது. மேலே வந்து புது வெண்கட்டி எடுத்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். எழுத்து கோணியிருந்தது. குறிகள் ஒன்றும் பிழைக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி நம்மவர்களுக்கு நான் என்ன சொல்ல? மழையும் இருட்டும், நாவற்குழிப் பாலத்தில் அடி நகர முடியாத சனமும். சைக்கிள் கரியரில் தாயாரை இருத்தி உருட்டிக்கொண்டு போன சேரை அந்த நெரிசலில் கண்டேன். ஹாண்டிலில் தொங்கிய பைக்குள் இருந்தது வகுப்பு இடாப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலை பாடசாலையாக அலைந்து எங்களைத் தேடிப் பிடித்தார். கல்லூரி பின்னேர நேரத்தில் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு மாமரத்தின் கீழ் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. யாரோ கழற்றித் தந்த கதவுதான் கரும்பலகை. முதல் வேலையாக இடாப்பைக் கூப்பிட்டார். பதில் வராத பெயர்கள் பல. ஒன்றையும் அவர் வெட்டவில்லை. மறுநாளும் அதே பெயர்களை, அதே ஒழுங்கில், நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டார். சொந்த வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு மனிதர் செய்த காரியம் இது. இதைவிடப் பெரிய துணிவை நான் இன்றுவரை எங்கும் கண்டதில்லை.

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு வந்தபோது பெரும்பாலானோர் வலிகாமம் திரும்பினார்கள். அதற்கு முன்பே எங்கள் குடும்பம் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போய்விட்டது. பிறகு கொழும்பு, பிறகு இந்த நாடு. சேர் திரும்பிப் போய், கதவும் யன்னலும் இல்லாத வகுப்பறையில் மறுபடி தொடங்கினாராம். என் பெயரையும் சில நாட்கள் கூப்பிட்டிருப்பார்.

"படித்து முடித்துவிட்டு இங்கேயே படிப்பிக்க வா" என்று என்னிடம் சொன்னவர் அவர். நான் பொறியியலாளன் ஆனேன். இந்த நாடு தந்த வாழ்வுக்கு நன்றியுடையவன். ஆனாலும் வன்னியில் கணிதம் கற்பிக்க ஆளில்லாத பாடசாலைகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது.

அவர் திருத்திய கணக்குக் கொப்பிகள் யாரிடமாவது எஞ்சியிருந்தால், தயவுசெய்து பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்துக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்க விரும்புகிறேன். அச்சுச் செலவை நான் ஏற்கிறேன்.