தேர்ட் கோர்னற்

எங்கள் பள்ளிக்கூட பாண்ட்டை நடத்திய சேர் காலமான செய்தி வந்த கையோடு நினைவு மலர்க்குழுவும் கேட்டுவிட்டது: அவரைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை வேண்டுமாம். பிரம்பு, வெள்ளிக்கிழமைகளில் வாத்தியங்களைப் பிராசோ போட்டு மினுக்கியது, பிக் மட்ச் அன்று மொட்டை வெயிலில் நடந்தது, இவற்றையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் ஹொலிவூட் பட இசையமைப்பாளர் ஜோன் வில்லியம்ஸைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சேருக்கும் எனக்கும் நடுவில் தீராமல் கிடக்கும் ஒரே வழக்கு அந்த மனுசன்தான்.

'ஜோஸ்', 'ஸ்ரார் வோர்ஸ்', 'ஈ.ரி.' என்று சொன்னால் ஆள் யாரென்று விளங்கிவிடும். 1932இல் பிறந்தவர். 2024இல் ஐந்தாவது 'இந்தியானா ஜோன்ஸ்' படத்துக்காக ஒஸ்கார் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது வயது 91. பட்டியலில் வந்தது 54ஆவது தடவை. அவரைவிடக் கூட வந்தவர் வால்ற் டிஸ்னி ஒருவர்தான். கையில் கிடைத்தது ஐந்து. கடைசியாகக் கிடைத்தது 'ஷின்ட்லர்ஸ் லிஸ்ற்' படத்துக்கு. அதற்குப் பிறகு முப்பது வருடமாகப் பெயர் வருவதும் பரிசு வேறு ஆளுக்குப் போவதும்தான். 2016இல் அவரை முந்தியவர் என்னியோ மொரிக்கோனே, அவருக்கு அப்போது 87. இளசுகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு கிழவர்களின் போட்டி.

வழக்கு ஒரு கசெற்றில் தொடங்கியது. கொழும்பிலிருந்து யாரோ ஒருவருடைய அண்ணர் கொண்டுவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' கசெற் விடுதி முழுக்கக் கைமாறி என்னிடம் வந்தபோது நாடா இழுபட்டுப் போயிருந்தது. என்றாலும் தொடக்கத்தில் ட்றம்பெற்கள் எழும்பும் அந்த இடம் அப்படியே இருந்தது. நான் அப்போது பாண்ட்டில் பேர்ஸ்ற் கோர்னற், ட்றம்பெற்றின் தம்பி போன்ற அந்த வாத்தியத்தில் முதல் இடம். பாண்ட் அறையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அந்த முதல் வரியை ஊதுவேன். பள்ளிக்கூடத்து ரக்ஷொப் கடை வரைக்கும் கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் ஊதினேன்.

ஒருநாள் சேர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை, கசெற்றை வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை திருப்பித் தரும்போது சொன்னார்: "ஆள் கெட்டிக்காரன்தான். ஆனா சும்மா இருக்கத் தெரியாது. உன்னைப் போலத்தான்."

அந்த வருடப் பரிசளிப்பு விழா ஒத்திகையை இதை வாசிப்பவர்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். விருந்தினர் உள்ளே வரும் மார்ச்சில் யூபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியம் தனியாகப் பாடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் பேர்ஸ்ற் கோர்னற்றுக்கு 24 பார், அதாவது 24 தாளக்கட்டு, ஓய்வு. வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும்? யூபோனியத்துக்கு மேலே ஆங்காங்கே இரண்டு சுரம் அலங்காரமாக வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் சொல்வேன். சேரின் குச்சி மேசையில் விழுந்தது.

"டேய், இஞ்சை வா."

கோர்னற்றை வாங்கித் தன் கதிரையில் வைத்தார். என்னை மேடை விளிம்பில், மண்டபத்தைப் பார்த்து நிற்க வைத்தார். பாண்ட் வாசிக்க, நான் ஓய்வைச் சத்தமாக எண்ண வேண்டும். ஒன்று இரண்டு மூன்று நாலு, இரண்டு இரண்டு மூன்று நாலு, மூன்று இரண்டு மூன்று நாலு... கீழே ஆறாம் வகுப்புப் பொடியள் வரிசையாக இருந்தார்கள். ஒன்பதாவது பாருக்கு வரும்போது முன்வரிசை என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டது. இருபதாவது பாரில் மண்டபம் முழுக்க எண்ணியது. யூபோனியத்தை ஒருவரும் கேட்கவில்லை. சேர் நிறுத்தவுமில்லை.

அடுத்த நாளே தேர்ட் கோர்னற் ஆக்கப்பட்டேன். தேர்ட் கோர்னற் வாசித்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தாளில் சுரத்தைவிட ஓய்வுதான் கூட. பட்டப்பெயரும் வந்தது: இருபத்துநாலு. வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் என் பெயர் அதுதான், அதனால்தான் இந்தக் கட்டுரைக்குக் கீழே சொந்தப் பெயரைப் போடவில்லை.

1986இல் கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். சேரிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்த நாளில் யார் யாரிடம் சொல்லிக்கொண்டு போனோம்?

அப்புறம் பல வருடங்களுக்குப் பின் 2012இல் 'லிங்கன்' வந்தது. ரொறன்ரோ ஸ்காபரோவில் ஓர் இரவு வேலைக்குப் போகும் முன் பார்க்கலாம் என்று போனேன். வில்லியம்ஸ் என்றதும் பித்தளை வாத்தியங்கள் கூரையைப் பிய்க்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முழுக்க ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், நீண்ட நேரத்துக்கு இசையே இல்லை. வரும்போதும் சிக்காகோ சிம்பனியின் தந்திகள் அடக்கமாக வந்து அடக்கமாகப் போகின்றன. ஓரிடத்தில் ட்றம்பெற் தனியாக வருகிறது. அக்குழுவின் அப்போதைய முதன்மை ட்றம்பெற்காரர் கிறிஸ்தோபர் மார்ட்டின் வாசித்தது. வெற்றி முழக்கம் ஏதும் கிடையாது. ஒரு வாக்கியம் ஊதுகிறார், நிறுத்துகிறார், அடுத்ததை ஊதுவதற்கு அவசரமே இல்லை. அந்த இடைவெளியில் என் வாய் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

பத்து வருடம் கழித்து 'த பேபிள்மன்ஸ்'. ஸ்பீல்பேர்க் தன் தாய் தகப்பனின் கதையை எடுத்த படம், முதலில் காட்டப்பட்டது நம் ரொறன்ரோ திரைப்பட விழாவில்தான். தாய் பியானோ வாசிப்பவர் என்பதால் படத்தில் பாக் போன்றவர்களின் இசையும் வருகிறது. இரண்டரை மணித்தியாலப் படம், ஆனால் இசைத்தட்டு அரை மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான், அதிலும் ஒரு பங்கு பழைய மேதைகளுடையது. 1974இலிருந்து கூட இருக்கும் சிநேகிதனின் குடும்பக் கதைக்கு 90 வயதில் வில்லியம்ஸ் கொடுத்தது பெரும்பாலும் ஒரு பியானோவும் மெல்லிய சில வாத்தியங்களும்தான். தாய் இரவில் கார் வெளிச்சத்தில் ஆடும் இடத்தை வேறொருவர் கையில் கொடுத்திருந்தால் நாற்பது வயலின் இறங்கியிருக்கும்.

அப்போ சேர் சொன்னதுதான் சரியா? முப்பது வருடம் பிந்திச் சும்மா இருக்கப் பழகிய மனுசனா?

அங்கேதான் நான் வழக்கை விடமாட்டேன். 'ஜோஸ்' 1975. அதில் பொடியன்கள் இருவர் மட்டையில் செய்த சுறாச் செட்டையை வைத்துக்கொண்டு கடலில் ஆட்களை ஏமாற்றும் கட்டம் உண்டு. அங்கே சுறாவின் இசை கிடையாது. சுறா இல்லை, ஆகவே இசையும் இல்லை. நாற்பத்துமூன்று வயதிலேயே அந்த ஆளுக்கு ஓய்வை எண்ணத் தெரிந்திருக்கிறது. மறுபக்கம், எண்பது தாண்டிச் செய்த மூன்று 'ஸ்ரார் வோர்ஸ்' படங்களிலும் சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. என் அபிப்பிராயத்தில் அவற்றில் 2015இல் வந்த, ரே என்ற நாயகியின் இசை மட்டும்தான் நிலைக்கும். மற்றதெல்லாம் பழைய கடனுக்கு வட்டி.

இன்னொரு சாட்சியும் என்னிடம் இருந்தது. கசெற்றில் நான் கேட்டு மயங்கிய அந்த ட்றம்பெற் மொரிஸ் மர்பி என்பவருடையது. அவர் லண்டன் சிம்பனியில் சேர்ந்த புதிதில் வாசித்தது. அதற்கு முன்னர் அவர் யோர்க்ஷயரில் ஒரு துணி ஆலையின் பாண்ட்டில், பிளாக் டைக் மில்ஸில், முதன்மைக் கோர்னற். நம் பாண்ட் அறை அலுமாரியில் பூச்சி அரித்துக் கிடந்த தாள்கள் எந்த ஊர்க்காரருக்கென்று அச்சிட்டவையோ, அந்த ஊர் பாண்ட்டில் வாசித்தவர். இதைச் சொல்லியிருந்தால் சேர் கொஞ்சம் யோசித்திருப்பார். தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. வருடா வருடம் சங்கம் மூலம் அவருக்குக் காசு அனுப்பியபோது என் பங்கும் போனது. காசு அனுப்புவது இலகு.

போன வருடம் ஊருக்குப் போய்வந்த வகுப்புத் தோழன் ஒருவன் அவரைப் பார்த்திருக்கிறான். கண் தெரியவில்லையாம், காது மட்டும் கூர்மையாம். கனடாவில் இருக்கும் பழைய மாணவர்களைப் பற்றிக் கேட்டாராம். என் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்ததாம்.

"அவனோ? அந்த மார்ச்சிலை யூபோனியம் நல்லா வாசிச்ச பொடியன்."

யூபோனியம் வாசித்தவன் இப்போது நோர்வேயில் இருக்கிறான். அவனுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்துவிட்டு, தனக்கு அந்த மார்ச் ஞாபகமே இல்லை என்றான்.