பேக்கன் குடியிருக்காத பேக்கன்ஸ் காசில்

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் சர்ரி கவுண்டியில், பருத்தியும் நிலக்கடலையும் விளையும் வயல்களுக்கு நடுவே இருக்கிறது பேக்கன்ஸ் காசில் என்ற பழைய வீடு. அங்கே வழிகாட்டியாக வேலை பார்க்கிறேன். "பேக்கன் எந்த அறையில் தூங்கினார்?" என்று கேட்காத கூட்டமே குறைவு. வீட்டுக்குப் பெயர் தந்த அந்தக் கலகத் தலைவர் இங்கே குடியிருக்கவே இல்லை என்றதும் பலருக்கு முகம் வாடிவிடும்.

1665-இல் ஆர்தர் ஆலன் கட்டிய செங்கல் வீடு இது. பக்கச் சுவரின் உச்சி நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறும். அதற்கு மேலே மூன்று புகைபோக்கிகள், ஒவ்வொன்றும் மூலை முன்னால் வரும்படி திருப்பி வைத்தது போல. அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

1676 செப்டம்பரில், வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் பெர்க்லிக்கு எதிராகக் கிளம்பிய நத்தானியேல் பேக்கனின் ஆட்கள் சுமார் 70 பேர் இந்த வீட்டைப் பிடித்தார்கள். அப்போது இது ஆலனின் மகனுடையது. அவர் ஆளுநர் பக்கம். மூன்று மாதத்துக்கு மேல் உள்ளேயே இருந்து அவருடைய ஆடுமாடுகளைத் தின்று தீர்த்தார்கள். பேக்கனோ அக்டோபரிலேயே வேறிடத்தில் நோயில் இறந்துவிட்டார். அவர் பெயர் வீட்டுக்கு வந்தது பின்னாளில்தான்.

அவரை விடுதலை வீரர் என்று நினைத்து வருகிறவர்களிடம், பூர்வகுடிகளை அவர் தாக்கியதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தக் கலகத்தில் வெள்ளைக்காரக் கூலிகளும் கறுப்பின அடிமைகளும் சேர்ந்தே துப்பாக்கி தூக்கினார்கள். வர்ஜீனியாவின் வெஸ்ட் பாயின்ட் என்ற ஊரில் கடைசிவரை சரணடைய மறுத்த நூறு பேரில் 80 பேர் கறுப்பர்கள், 20 பேர் ஆங்கிலேயர்கள். இந்த ஒற்றுமை மேல்தட்டைப் பயமுறுத்தியது என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1705-இல் வர்ஜீனியா அடிமைச் சட்டங்களை ஒன்றாகத் தொகுத்து இறுக்கியது. தோட்டத்து உழைப்பு மேலும் மேலும் அடிமைகள் தலையில் விழுந்தது.

அப்படி உழைத்த அடிமைகளின் வாழ்க்கை இங்கே கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. பெரிய வீட்டுக்குப் பக்கத்தில் 1829-இல் கட்டிய அடிமைகளின் மரக் குடியிருப்பு இன்னும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தே போய்விட்டன. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேரம் மிஞ்சினால்தான் கூட்டத்தை அங்கே கூட்டிப்போவேன். இப்போது முதலில் அங்கேதான். கதவருகே நின்றால் செங்கல் வீடு எவ்வளவு பக்கம் என்று தெரியும். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேண்டிய தூரம்.

அப்புறம்தான் புகைபோக்கியும் கலகமும். நேரம் பற்றாவிட்டால் மேல்மாடி நாற்காலி, மேஜைகளைப் பற்றிய பேச்சைச் சுருக்கிக்கொள்கிறேன்.