செல்லாத பணமும் ஒரு சிரிப்பும்

இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலை இம்மாதம்தான் வாசித்தேன். 2018-இல் வெளிவந்து, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதையும் பெற்ற நூலை இத்தனை காலம் தள்ளிப்போட்டதற்கு, விருது நாவல்கள் மீது எனக்குள்ள வீண் சந்தேகமே காரணம். பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாக மணந்துகொண்டு, பின்னர் உடல் கருகிய நிலையில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்க, வாசலில் காத்திருக்கும் உறவினர்களின் பேச்சிலேயே நாவலின் பெரும்பகுதி நகர்கிறது. சேர்த்துவைத்த பணம் மகளைக் காப்பாற்ற உதவாத நிலையில் தந்தை நிற்பதைக் காணும்போது, தலைப்பின் கனம் நமக்கு உறைக்கிறது. ரவியை வெறும் வில்லனாக்கி முடித்துவிடாமல், அவனுக்கும் தன் தரப்பைப் பேச இடம் தந்திருப்பதே ஆசிரியரின் நேர்மை என்பேன். அதற்காக அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை என்பது வேறு விஷயம். சில இடங்களில் புலம்பல் திரும்பத் திரும்ப வருவது அலுப்பூட்டியது என்றாலும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அலுப்பும் உண்மையென்று தெரியும்.

அந்தப் பாரத்தை இறக்கிவைக்கவே கவிஞர் இசையின் ‘சிவாஜி கணேசனின் முத்தங்கள்’ கவிதைத் தொகுப்பை எடுத்தேன். அவருடைய பகடி முதலில் சிரிக்க வைக்கிறது. இரண்டாம் வாசிப்பில் அச்சிரிப்பின் அடியில் கிடக்கும் துயரம் மெல்லத் தலைகாட்டுகிறது. சில கவிதைகள் துணுக்குகளாகவே நின்றுவிடுகின்றன. மற்றவற்றை மீண்டும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.