அண்ணாச்சி, போனை எடுக்காதீங்க!

2006-ல் மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். நாலு கவுண்ட்டர் இருந்தாலும் கார்டு மிஷின் ஒன்றுதான், அதுவும் என் மேசையில். மற்ற கவுண்ட்டரில் யாராவது கார்டை நீட்டினால், அவரைக் கூட்டிக்கொண்டு வந்து என் வரிசைக்குக் குறுக்கே நுழைப்பார்கள். அப்போது வரிசையில் நிற்பவர்கள் என்னை முறைப்பார்களே, ஏதோ நான்தான் கார்டைக் கண்டுபிடித்த மாதிரி!

அந்த மிஷின் லேண்ட்லைனில் ஓடியது. கார்டைத் தேய்த்து, தொகையை அடித்துப் பச்சை பட்டனை அமுக்கினால், அது வங்கிக்கு போன் போடும். திரையில் 'டயலிங்' என்று வரும். அப்புறம் 'கனெக்டிங்'. கடையில் இருந்ததோ ஒரே லைன். டோர் டெலிவரி ஆர்டரும் அதில்தான் வரும். மாடியில் அண்ணாச்சி மேசைக்கும் அதிலிருந்தே ஒரு வயர் இழுத்திருந்தார்கள். மிஷின் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் ரிசீவரைத் தூக்கினால் போச்சு, தொடர்பு அறுந்துவிடும். அதனால் கார்டை வாங்கியதுமே மாடிப்படியைப் பார்த்து, "அண்ணாச்சி, போனை எடுக்காதீங்க!" என்று கத்துவேன். மாசம் பிறந்த முதல் வாரத்தில் தொண்டையே கட்டிப்போகும்.

தொடக்கத்திலேயே அறுந்தால் தொல்லையில்லை, மறுபடி தேய்க்கலாம். வங்கி பணத்தைக் கழித்துவிட்டு, பதில் மிஷினுக்கு வந்து சேர்வதற்குள் அறுந்தால்தான் வினை. ஸ்லிப் வராது. நமக்குப் பணம் வரவில்லை, அவருக்குப் பணம் போய்விட்டது. அப்படித்தான் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், கார்டு வேலை செய்யவில்லை என்று ரொக்கம் கொடுத்துப் போனவர், மூன்றாம் நாள் பாஸ்புக்கோடு வந்து நின்றார். 1,140 ரூபாய் கழிந்திருந்தது. வங்கியே திருப்பிப் போட்டுவிடும், சில நாள் ஆகும் என்று எவ்வளவோ சொன்னேன். "வங்கி தருமான்னு நான் கேக்கலை தம்பி. தேய்ச்சது நீதானே?" என்றார். நியாயம்தான்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த அண்ணாச்சி, கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். "வங்கியில வந்து சேந்தா கொண்டாந்து குடுத்துருங்க சார்." ஒன்பது நாள் கழித்து வாத்தியார் வந்தார், எண்ணி வைத்தார். அதற்கப்புறம் எங்கள் கடையில் அவர் கார்டை எடுக்கவே இல்லை.

கையெழுத்துக் கூத்து வேறு. ஸ்லிப்பில் போடும் கையெழுத்தையும் கார்டுக்குப் பின்னால் உள்ள கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பாதிப் பேர் கார்டில் அந்த வெள்ளைப் பட்டை காலியாகவே இருக்கும். நானே பேனாவைக் கொடுத்து அங்கேயே போடச் சொல்வேன். பிறகு ஸ்லிப்பில் போடச் சொல்வேன். பிறகு இரண்டையும் உற்றுப் பார்த்து, "சரியா இருக்கு சார்" என்பேன்.

கடைப் பிரதி ஸ்லிப்களை ரப்பர் பேண்ட் போட்டு டிராயரில் அடைத்து வைத்தோம். அது வெப்பத்தில் அச்சாகும் காகிதம். மதுரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, சித்திரைக்குள் பாதி வெளுத்துவிட்டது. ஒரு புகாருக்காக வங்கி பழைய ஸ்லிப் ஒன்றைக் கேட்டபோது எங்களிடம் இருந்தது வெறும் வெள்ளைத்தாள். அந்தப் பணம் போனது போனதுதான். அன்றிலிருந்து, பெரிய தொகை என்றால் எதிர் ஜெராக்ஸ் கடைக்கு ஓட ஒரு பையன்.

கார்டில் வாங்கும் பணத்தில் வங்கி கமிஷன் பிடித்துக்கொள்ளும். அதற்காகக் கார்டுக்கு 2 சதவீதம் கூட என்று அட்டை மாட்டி வாங்கிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. சீனியிலும் எண்ணெயிலும் நிற்கும் லாபத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல மனம் வராது, ஆனால் திட்டு வாங்கியது நான். 2012-ல் ரிசர்வ் வங்கி டெபிட் கார்டுக்கான அந்தக் கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தது: 2,000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். கொஞ்ச நாளில் அந்த 2 சதவீத அட்டையை நானே கிழித்தெடுத்தேன்.

2013 டிசம்பரிலிருந்து டெபிட் கார்டுக்கு ரகசிய எண் கட்டாயமானது. அந்த வாரம் அலங்காநல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் மிஷினை நீட்டி, "நாலு நம்பர் அடிங்கம்மா, யாருக்கும் தெரியக் கூடாது" என்று நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கண்ணாடி கொண்டாரலைப்பா. நீயே அடி" என்று நாலு எண்ணையும் வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னார்.