20 செட்டா, 21 செட்டா? டபுள் எலிமினேஷன் பிராக்கெட் நடத்துவோருக்கு

டபுள் எலிமினேஷனில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம்; ஒரு முறை தோற்றவர் 'லூசர்ஸ்' என்ற தனிப் பிரிவில் தொடர்ந்து ஆடுவார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமுக்கு 11 பேர் பெயர் கொடுத்தாலும் 16 பேருக்கான பிராக்கெட்தான் (ஆட்ட அட்டவணை) போட வேண்டும். மீதி 5 இடமும் 'பை', அதாவது எதிராளி இல்லாத இடம். முதல் 5 சீடுகள் (திறமை வரிசையில் முன்னால் இருப்பவர்கள்) ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள்.

செட், அதாவது இருவர் மோதும் ஒரு முழுப் போட்டி; அதன் கணக்கு எளிது. சாம்பியனைத் தவிர 10 பேரும் இரண்டு முறை தோற்றாக வேண்டும்: 20 செட். சாம்பியனும் ஒரு முறை தோற்றிருந்தால் 21. செட்டுக்கு 10 நிமிடம், இரண்டு செட்டப் (கேம் கருவியும் திரையும்) என்றால் 100 நிமிடத்தில் முடியும் என்று தோன்றும். முடியாது. லூசர்ஸ் இறுதிக்கும், அதை வென்றவர் தோல்வியே காணாதவரோடு மோதும் கிராண்ட் ஃபைனலுக்கும் ஒரே செட்டப்தான் ஓடும், மற்றது சும்மா கிடக்கும். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிராக்கெட்டைக் கையால் எழுதுபவர்கள் தவறுவது, தோற்றவரை லூசர்ஸில் எங்கே இறக்குவது என்பதில்தான். 8 பேர் ஆட்டத்தில் மேல் பாதியில் 1-ஆம் சீட் 8-ஐயும், 4-ஆம் சீட் 5-ஐயும் வெல்கிறார்கள். அடுத்து 4, 1-இடம் தோற்கிறார். அவரை லூசர்ஸின் மேல் பாதியிலேயே இறக்கினால், அங்கே 8-ஐ வென்று நிற்கும் 5-ஆம் சீடுடன் உடனே மறுபடி மோத வேண்டிவரும். கீழ்ப் பாதிக்கு மாற்றினால் 6 அல்லது 7 வருவார். ஸ்டார்ட்.ஜிஜி, சலாஞ்ச் போன்ற தளங்களில் போட்டால் இந்த மாற்றம் தானாகவே நடக்கும்.

முதல் தோல்வியோடு மூட்டை கட்டிவிடும் புதியவர்கள் உண்டு. ஸ்கோர் எழுதும்போதே "இன்னும் இருக்கீங்க, லூசர்ஸ்ல கூப்பிடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். வயர்லெஸ் கன்ட்ரோலரின் இணைப்பை நீக்கிய பிறகே எழ விடுங்கள். இல்லையென்றால் அவர் தோளில் மாட்டிய பைக்குள் பட்டன் அழுந்தி, நடக்கும் ஆட்டம் பாஸ் ஆகிவிடும். அந்த ரவுண்டை யாருக்குக் கொடுப்பது என்ற சச்சரவு ஆட்டத்தைவிட நீளும்.

லூசர்ஸில் விழுந்தாலும் நெடுந்தூரம் போகலாம். கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நடந்த 2004 ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில், ஒரு துளி உயிரோடு, சுன்-லி என்ற பாத்திரத்தின் சூப்பரை (பல அடிகள் கொண்ட பெரிய தாக்குதல்) அடி அடியாகப் பாரி செய்து (சரியான நொடியில் தட்டிவிட்டு) டைகோ உமேஹாரா ஜஸ்டின் வாங்கை வீழ்த்தியது லூசர்ஸ் இறுதியில்தான். கிராண்ட் ஃபைனலில் டைகோ கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார்.

லூசர்ஸிலிருந்து வருபவர் கிராண்ட் ஃபைனலின் முதல் செட்டை வென்றால் அது ரீசெட். இருவருக்கும் இப்போது ஒவ்வொரு தோல்வி, இன்னொரு முழு செட் ஆடியாக வேண்டும். இதை ஆட்டம் தொடங்கும் முன்பே இருவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லுங்கள். அந்த 21-ஆவது செட்டுக்கான நேரம் அரங்க வாடகையிலும் சேர்ந்திருக்க வேண்டும்.